துவைக்காத கோட்டு

பட்டாணி அன்று விசில் அடிக்கவில்லை.

வழக்கமாக ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே போதும். கூடத்து மூலையில் இருக்கும் கூண்டிலிருந்து ஒரு விசில் கிளம்பும். குக்கரே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு கினிப்பன்றிக்கு அவ்வளவு பெரிய தொண்டை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள்.

அன்று காலையில் மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்து மூடினாள். கீரைக் கட்டைச் சலசலவென்று ஆட்டினாள். மூலையில் பேச்சு மூச்சு இல்லை.

மண்டியிட்டுக் கூண்டுக்குள் பார்த்தாள். பட்டாணி அந்தக் கருநீலக் கோட்டின் கைக்குள் புகுந்து, முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கோட்டைத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இந்த வீட்டு மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்காரன். கடைசியாகக் கிளம்பும்போது, தான் இல்லாத வீட்டில் மனைவிக்குத் துணையாக இருக்கட்டும் என்று இரண்டு கினிப்பன்றிகளை வாங்கி வந்தான். ஒன்று பட்டாணி, இன்னொன்று கடுகு. கடுகு செத்துப்போனது. அதன் பிறகு பட்டாணி எதையும் தொடவில்லை. வேறு வழி தெரியாமல் மருமகள் கணவனின் பழைய கம்பளிக் கோட்டை எடுத்துக் கூண்டில் விரித்தாள். அது கோட்டின் கைக்குள் புகுந்து தூங்கியது. மறுநாள் சாப்பிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கோட்டு துவைக்கப்படவே இல்லை. கூண்டைச் சுத்தம் செய்யும்போது மருமகள் அதை வெளியே கொண்டுபோய் உதறுவாள், திரும்பப் போடுவாள். அவ்வளவுதான். துவைத்தால் வாசனை போய்விடும் என்பது அவள் யாரிடமும் சொல்லாத காரணம்.

போன வாரம் கப்பலிலிருந்து தகவல் வந்திருந்தது. அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவானா, வீட்டுக்கு வருவானா என்பதைத் துறைமுகத்துக்கு வந்ததும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தான். துறைமுகத்துக்கு வருகிற நாள் இதுதான்.

மருமகள் கையை நீட்டிப் பட்டாணியைத் தூக்கினாள். அதன் இடது கண் பாதி மூடியிருந்தது. கீழே இருந்த மயிர் நனைந்து ஈர்க்குச்சி மாதிரி ஒட்டிக்கிடந்தது. வலது கண் மிளகுபோல் கறுத்துப் பளபளத்தது. இடது கண்ணின் மேல் மட்டும் யாரோ வாயால் ஊதிவிட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல்.

அவள் நேற்றே அந்த ஈரத்தைப் பார்த்திருந்தாள். கினிப்பன்றிக்குக் கண்ணிலிருந்து பால்மாதிரி ஒரு நீர் வரும்; அதை எடுத்துத்தான் அது முகம் கழுவும். அதுதான் என்று நினைத்து விட்டுவிட்டாள். ஆனால் முகம் கழுவுகிற நீர் இரண்டு கண்ணிலும் வரும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இது ஒரு கண்ணில் மட்டும், அதுவும் ராத்திரி முழுவதும் வடிந்திருக்கிறது.

"என்ன அண்ணி, காலங்காத்தால ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருக்கிறார்கள்.

"கண்ணப் பாரு. தொறக்கவே மாட்டேங்குது. சாப்பிடவும் இல்ல."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "ஐயோ. எனக்குத் தொண்டைக்கு எழுதிக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு. பாதி கரைச்சுக் குடுக்கலாமா?"

"உன் தொண்டைக்கும் இதோட கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

"புண்ணுக்குத்தானே குடுத்தாங்க."

"வேண்டாம். டாக்டர்கிட்ட போயிடலாம்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமனார் தொண்டையைக் கனைத்தார். லாரி ஓட்டியே காலம் கழித்தவர். சமீபத்தில்தான் கண்புரை ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உலாத்துகிறார். அந்தக் கண்ணாடியில் அவர் ரகசியப் போலீஸ் மாதிரி இருக்கிறார் என்று மகள் சொல்லப்போக, அதிலிருந்து அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

"அவசரப்படாதம்மா. சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சுடும்" என்றார்.

"எப்படி மாமா தெளியும்?"

"தெளியும். எனக்குத் தெளியலையா?"

மருமகள் அதை ஆறுதல் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டாள். அவர் கை சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் இன்னிக்குத்தானே கூப்பிடறேன்னான்?" என்றாள் நாத்தனார்.

"போன் கையோடதானே வருது."

"வரும். அந்த ஆஸ்பத்திரில சிக்னல் வருமான்னுதான் தெரியல. நீங்க இருங்க, நானும் அப்பாவும் கொண்டுபோய்க் காட்டறோம்."

மருமகள் ஒரு நிமிடம் யோசித்தாள். அவன் கூப்பிடுவது அபூர்வம். அதுவும் இன்றைக்கு அவன் சொல்லப்போவது ஒரு வருடத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் பட்டாணி அவள் மணிக்கட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூக்கைச் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில்தான் அது ஆடாமல் இருக்கும். வழுக்குகிற பட்டுத் துணியைக்கூடச் சுருக்கம் விழாமல் பிடித்துத் தைக்கிற கை அது. கணவன் அவளுக்கு ஊசி என்று பேர் வைத்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான். நாக்கைப் பார்த்து வைத்தான் என்று நாத்தனார் சொல்வாள்.

"நானே வரேன்" என்றாள்.

ஓட்டுநர் பயிற்சிக் கார் என்று கூரை மேல் பலகை வைத்த வண்டியில் கிளம்பினார்கள். பலகையைப் பார்த்ததும் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நாத்தனார் யாரையும் சட்டை செய்யவில்லை. முன் சீட்டில் இருந்த மாமனார்தான் வளைவுக்கு வளைவு தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"அப்பா, இது கத்துக்குடுக்கற வண்டி, அந்தப் பக்கமும் பிரேக் நிஜமாவே இருக்கு. மிதிக்காதீங்க."

"நீ ஓட்டறதப் பாத்தா கால் தானாப் போகுது."

"உங்க கண்ணுக்கு எதிர்ல வர்ற வண்டியே தெரியாது."

"தெரியுது. அதான் மிதிக்கறேன்."

வேறொரு நாளாயிருந்தால் மருமகள் சிரித்திருப்பாள். பின் சீட்டில் அவள் மடியில் ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் அந்தக் கோட்டு, கோட்டுக்குள் பட்டாணி. பக்கத்தில் கைப்பை. கைப்பைக்குள் போன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் எந்தத் துறைமுகத்திலிருந்து பேசினாலும் கப்பலை விட்டு இறங்கிப் பேசியதில்லை. இன்ஜின் அறை வாசலிலேயே நின்று பேசுவான். அவன் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓர் உறுமல் இருக்கும். முதலில் அது அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. போகப்போக, தையல் மிஷின் மோட்டார் ஓடும்போதெல்லாம் அவன் ஏதோ சொல்ல வருவதுபோல் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கால்நடை மருத்துவமனையில் நிறுத்த இடம் இல்லை. நாத்தனார் தெருமுனையில் வண்டியோடு நின்றுகொண்டாள். மாமனாரும் மருமகளும் உள்ளே போனார்கள். ஒரு பெரிய நாய் தன் முறைக்காகக் காத்திருந்தது. பட்டாணி அதன் வாசனையைப் பிடித்துவிட்டுக் கோட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

டாக்டர் இளம்பெண். சத்தம் போடாமல் பேசுகிறவள். முதலில் பட்டாணியைத் தொடவே இல்லை. மேஜைமேல் விட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள்.

"வலி இருக்கு. பாருங்க, காலால தேய்க்கப் பாக்குது. எப்பலேர்ந்து சாப்பிடல?"

"ராத்திரி வெச்சது அப்படியே இருக்கு."

"காலைலயே வந்தது நல்லது. இதுங்களுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். கண்ணு வலியில சாப்பாட்ட நிறுத்திடும், அப்புறம் வயிறும் நின்னுடும். கண்ண விட அதுதான் ஆபத்து. பிடிச்சுக்கறீங்களா? நழுவக் கூடாது."

மருமகள் ஒரு கையைப் பட்டாணியின் மார்புக்குக் கீழேயும், இன்னொரு கையை இடுப்பைச் சுற்றியும் கொடுத்துப் பிடித்தாள். டாக்டர் கண்ணை மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தை விட்டுக் காத்திருந்தாள். பிறகு நுனி மழுங்கிய ஓர் இடுக்கியால் கீழ் இமையை மெல்லப் புரட்டினாள். எதையோ இழுத்தாள்.

வெள்ளைத் துணியில் அதை வைத்தாள். காய்ந்த புல்லின் முள். கண் இமை மயிரைவிடக் கொஞ்சம் நீளம். அதன் அடியில் ஒரு நூலிழை சுற்றியிருந்தது. கருநீலம்.

மருமகள் அந்த இழையைப் பார்த்தாள். துணியோடு வாழ்கிறவளுக்கு அது எந்தத் துணி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இது எங்கிருந்து வந்ததுன்னு அப்புறம் பேசுவோம்" என்றாள் டாக்டர். "முதல்ல எவ்வளவு கீறியிருக்குன்னு பாக்கணும். இப்ப ஒரு சாயம் விடுவேன். விளக்க அணைச்சுட்டு நீல வெளிச்சத்துல பாப்பேன். கீறல் இருந்தா அங்க மட்டும் பச்சையா ஒட்டிக்கும். கொஞ்சம்கூட ஆடக் கூடாது."

சாயம் விட்டாள். கழுவினாள். விளக்கு அணைந்தது.

அந்த இருட்டில்தான் போன் அடித்தது.

கைப்பை சுவரோரம் நாற்காலியில் இருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். மருமகளின் விரல்களுக்குள் பட்டாணியின் இதயம் தறிகெட்டு ஓடியது. பையின் வாயிலிருந்து ஒரு சின்ன வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. ஒரு கையை எடுத்தால் போதும். ஒரு கையில் பிடித்தால் அது துள்ளும். துள்ளினால் டாக்டரின் கை கண்ணில் படும்.

அவள் கையை எடுக்கவில்லை.

"போன் அடிக்குதும்மா" என்றது மாமனாரின் குரல் இருட்டுக்குள்ளிருந்து.

"தெரியுது மாமா."

"அவனாத்தான் இருக்கும்."

"எடுங்க மாமா. நீங்க எடுங்க. வெச்சுடப்போறாரு."

அவர் நாற்காலியில் முட்டிக்கொண்டு, பையைத் தடவி, போனை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்து போயிற்று. கதவு மூடுவதற்குள், "ஏம்ப்பா" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த மூடிய கதவுக்கு அப்பால் ஒரு வருடம் முடிவாகிக்கொண்டிருந்தது.

நீல வெளிச்சம் பட்டாணியின் கண்ணில் விழுந்தது. கறுத்த கண்ணின் நடுவில், சற்றுக் கீழே, பச்சையாக ஒரு கீற்று எரிந்தது. தைக்கும்போது துணியில் நகத்தால் கீறி அடையாளம் வைப்பாளே, அந்த மாதிரி ஒரு கீற்று.

"தெரியுதா? அதுதான் புண்ணு" என்றாள் டாக்டர். "ஆழமில்ல. ஆனா கண்ணோட மேல்தோல் போயிருக்கு. சரியாப் பாத்துக்கிட்டா ஆறிடும். இல்லன்னா கண்ணு போயிடும்." விளக்கைப் போட்டாள். "ஒண்ணு கேக்கணும். இதுக்கு முன்னாடி வேற எந்த மருந்தாவது போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். ஒண்ணுமே போடல."

மாமனார் வாசலில் நின்றிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. கையில் போன். கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"என்ன மாமா? என்ன சொன்னாரு?"

அவர் போனை அவள் பையில் வைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையைவிட்டு ஒரு சின்னச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து மேஜைமேல் டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"காலைல இதப் போட்டேன். யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி."

"மாமா" என்றாள் மருமகள்.

"அதோட கண்ணப் பாத்தா, ஆபரேஷன் ஆன அன்னிக்கு என் கண்ணு இருந்த மாதிரியே இருந்துச்சு. எனக்கு இதுலதான் தெளிஞ்சுச்சு. கண்ணுன்னா எல்லாம் கண்ணுதானேன்னு..."

டாக்டர் குப்பியைத் திருப்பிப் படித்தாள்.

"இது வீக்கத்த அடக்கற மருந்துங்க. உங்களுக்கு நல்லது. புண்ணு இருக்கற கண்ணுல போட்டா புண்ண ஆறவே விடாது. உள்ள அரிச்சு ஓட்டையே போட்டுடும். எத்தன தடவ போட்டீங்க?"

"ஒரே தடவ. ரெண்டு சொட்டு." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுதான் கண்ணுல விழுந்துச்சு. இன்னொண்ணு மூக்குல."

"அந்த மூக்குக்கு நன்றி சொல்லுங்க" என்றாள் டாக்டர். "ஒரு தடவைங்கறதால பெருசா கெடுத்திருக்காது. ஆனா நீங்க சொன்னது ரொம்ப நல்லது. இனிமே வீட்டுல மிச்சம் கெடக்கற எந்த மருந்தும் வேண்டாம். மனுஷங்க சாப்பிடற மாத்திரையும் கூடாது. அதுல சிலது இதோட வயிறக் கெடுத்துக் கொன்னே போட்டுடும்."

மருமகள் நாத்தனாரின் தொண்டை மாத்திரையை நினைத்தாள்.

கிருமி மருந்துச் சொட்டு, வாயில் கொடுக்க வலி மருந்து. சாப்பிடாவிட்டால் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் கொடுக்க வேண்டும். கட்டுப் போடக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது. மங்கல் பெரிதானால், கண் பிதுங்கினால், உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். சரியாகப் போனாலும் இந்த வாரமே மறுபடி சாயம் விட்டுப் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு டாக்டர் வெள்ளைத் துணியை முன்னால் இழுத்தாள்.

"இது எதுல படுக்குது? கம்பளியா?"

"கோட்டு" என்றாள் மருமகள். "என் வீட்டுக்காரரோடது."

"எப்ப துவைச்சீங்க?"

மருமகள் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். மாமனார் தரையைப் பார்த்தார்.

"உதறுவேன்" என்றாள்.

"உதறினா போகாதுங்க. கம்பளி புல்லு முள்ளப் பிடிச்சு நிமித்தி நிறுத்தி வெச்சுக்கும். இதுக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல துருத்திக்கிட்டு இருக்கு பாருங்க. கோட்டுக் கைக்குள்ள புகுந்தா கண்ணத்தான் முதல்ல உரசும். நல்லாத் துவைச்சு வேற எதுக்காவது வெச்சுக்கங்க. கூண்டுல பழைய பருத்தித் துணி போடுங்க. புல்லுலயும் கெட்டித் தண்டெல்லாம் பொறுக்கிட்டுப் போடுங்க."

குரலில் கண்டிப்பு இல்லை. அதைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை.

காரில் திரும்பும்போது அவள் மறுபடி கேட்டாள். "மாமா, அவர் என்ன சொன்னாரு?"

"மறுபடி கூப்பிடறேன்னான்."

"கையெழுத்துப் போட்டாச்சாமா?"

"உங்கிட்டத்தான் சொல்லணுமாம். நீ இப்ப கூப்பிடாத, அவனே கூப்பிடுவான்."

"அப்பா, உங்க மூஞ்சியே சரியில்லையே" என்றாள் நாத்தனார் பக்கத்தில் திரும்பிப் பார்த்து.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

இந்தத் தடவை அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. மகள் வளைவில் வேகமாகத் திரும்பியபோதுகூட.

மருமகள் போனை எடுத்துப் பார்த்தாள். வந்த அழைப்பு அவள் அறியாத எண்ணிலிருந்து வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கூண்டைக் காலி செய்து துடைத்தாள். தன்னுடைய பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து விரித்தாள். பட்டாணி அதன் நடுவில் திக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. முதல் சொட்டை விட்டாள். ஒரே சொட்டு, நேராகக் கண்ணில். குழைத்த தீவனத்தை ஊட்டினாள். முதல் வாயைத் துப்பியது. இரண்டாவதை மென்றது.

பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வாளியில் தண்ணீர் நிறைந்தது. சோப்பைப் போட்டாள். தண்ணீருக்கு மேலே கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் இல்லை. கடைசியாக ஒரு தடவை என்று கோட்டின் கழுத்துப் பகுதியில் முகத்தைப் புதைத்தாள்.

காய்ந்த புல்லின் வாசனை. பட்டாணியின் வாசனை. கீரை.

இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தாள். இன்ஜின் எண்ணெய் இல்லை. அவன் போட்டுக் குளிக்கிற சோப்பு இல்லை. அவன் இல்லை. எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு நாள், அவள் உதறிக்கொண்டிருந்தபோதே போயிருக்க வேண்டும். இத்தனை நாளாய் யாரும் இல்லாத வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

கோட்டைத் தண்ணீரில் அமுக்கினாள். புல் முட்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தன.

"அண்ணி, போனு" என்று நாத்தனார் ஓடி வந்து அவள் ஈரக் கையில் திணித்தாள். அதே தெரியாத எண்.

இந்தத் தடவை அவள் கையில் வேறெதுவும் இல்லை. காதில் வைத்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் முழங்கையில் இறங்கியது.

உள்ளே நாத்தனார் பட்டாணிக்குக் குடமிளகாய் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருப்பாள். கூடத்து மூலையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. பழைய விசில் இல்லை. பாதியில் கம்மி, மறுபடி எழுந்த விசில்.

போனின் மறுபக்கம் அமைதியாக இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஊசி" என்றான் கடைசியில். "பட்டாணியா அது?"

"ஆமா."

"எப்படியிருக்கு கண்ணு? அப்பா சொன்னாரு."

"ஆறிடும்னாங்க." அவள் வாளியைப் பார்த்தாள். "உங்க கோட்டத் துவைச்சுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு ஏதோ குறைகிறது என்று உறைத்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். அந்த உறுமல் இல்லை. அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. யாரோ ஒருத்தி தமிழில் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வாசலில் மாமனார் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க எங்கேருந்து பேசறீங்க?" என்று கேட்டாள் மருமகள்.